தின்ன ஒரு மரம், தூங்க ஒரு மரம்: காட்டுக் குரங்குகள் எப்படித் தேர்ந்தெடுக்கின்றன?

கேள்வி இது: "வால்பாறையில் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய மரம். சிங்கவால் குரங்குக் கூட்டம் ஒன்று இரண்டு நாள் தொடர்ந்து அதற்கு வந்தது. பழம் எதுவும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மும்முரமாக எதையோ தின்றன. பக்கத்திலேயே அதே மாதிரி எத்தனையோ மரங்கள், அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருட்டுவதற்கு முன் எழுந்து வேறெங்கோ போய்விட்டன. அந்த மரத்தை எப்படித் தேர்ந்தெடுத்தன? தின்ற மரத்திலேயே ஏன் தூங்கவில்லை?"

ஒரே வரியில் சொல்வதானால், தின்கிற மரத்தை வயிறு முடிவு செய்கிறது, தூங்குகிற மரத்தைச் சிறுத்தை முடிவு செய்கிறது. முக்கால்வாசி உண்மை இதிலேயே அடங்கிவிடும். மிச்சக் கால்வாசிதான் சுவாரசியமானது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஆனைமலையிலும் களக்காட்டு மலையிலும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தபடி குரங்குகளுக்குப் பின்னால் அலைந்த அனுபவம் எனக்குக் கொஞ்சம் உண்டு. உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் கறுப்பாக இரண்டு குரங்குகள் உண்டு. ஒன்று நீங்கள் பார்த்த சிங்கவால் குரங்கு. சோலைமந்தி என்றும் சொல்வார்கள். முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த குட்டை வால். இன்னொன்று நீலகிரிக் கருமந்தி. உடல் கறுப்பு, தலை மட்டும் மஞ்சள் கலந்த பழுப்பு, வால் உடம்பைவிட நீளம். தூரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பலர் இரண்டையும் கருங்குரங்கு என்றே சொல்லிவிடுவார்கள். பழந்தமிழில் குரங்கு, முசு, ஊகம் என்று தனித்தனிப் பெயர்கள் புழங்கின. நாம்தான் எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டோம். இந்த இரண்டும் ஒரே காட்டில், சில நாள் ஒரே மரத்தில்கூட இருக்கும். ஆனால் வயிறு வேறு, அதனால் மரத்தைப் பார்க்கிற பார்வையும் வேறு.

கருமந்தியிலிருந்து தொடங்குகிறேன், அதன் கணக்குத்தான் கடினமானது. அதன் இரைப்பை, மாட்டினுடையதைப் போலப் பல அறைகள் கொண்டது. உள்ளே வாழும் பாக்டீரியாக்கள் இலையை நொதிக்க வைத்துச் சத்தைப் பிரித்துத் தருகின்றன. இதைக் கேட்டதும், "இலை தின்கிற குரங்குக்கு என்ன கவலை, காடு முழுக்க இலைதானே" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மரம் தன் இலையைச் சும்மா விட்டுக்கொடுத்துவிடாது. முற்ற முற்ற இலையில் நாரும், அதை விறைப்பாக்கும் லிக்னினும் ஏறிவிடும். துவர்க்கிற டானின், புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதைச் செரிக்கவிடாமல் செய்யும். சில இலைகளில் நஞ்சே இருக்கும். களக்காட்டு மலையில் கக்காச்சிப் பகுதியில் கருமந்திகளை ஆராய்ந்த ஜான் ஓட்ஸ் குழுவினர் 1980-இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாக வந்தது. அந்தக் காட்டில் மிகுதியாக நிற்கிற மரங்களின் முற்றிய இலைகளை மந்திகள் பெரும்பாலும் சீண்டவே இல்லை. அந்த இலைகளைச் சோதித்துப் பார்த்தால், செரிமானத்தைக் கெடுக்கும் நாரும் டானினும்தான் கூடுதல். அதாவது நூறு மரங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, தின்ன ஒன்றுமில்லாமல் இருக்கிற நிலைமை. இதற்கு ஓராண்டு முன்பு, பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் ஊளைக்குரங்குகளை ஆராய்ந்த காதரின் மில்டனும், இலையில் புரதத்துக்கும் நாருக்கும் உள்ள விகிதமே தேர்வைப் பெரிதும் விளக்குகிறது என்று எழுதியிருந்தார். பூமியின் இரண்டு கோடிகளில் இரண்டு குரங்கினங்கள், கணக்கு மட்டும் ஒன்று.

ஆகவே கருமந்தி தேடுவது துளிர். புரதம் கூடுதல், நார் குறைவு. ஒரு மரம் துளிர்விட்டு, இலை முற்றி முறுகுவதற்கு முன் இருக்கிற கொஞ்ச நாள்தான் அந்த மரம் அதற்கு மரம். இங்கே கண் உதவுகிறது. மழைக்காட்டில் பல மரங்களின் துளிர் பச்சையாக இருப்பதில்லை. நாங்கு மரம் துளிர்க்கும்போது முழு மரமும் சிவந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கு நம்மைப் போலவே சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கும் கண். பழுத்த பழத்தைக் கண்டுபிடிக்க வந்த திறமை அது என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். உகாண்டாவின் கிபாலே காட்டில் நடந்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வுக்குப் பிறகு, இளந்துளிரைக் கண்டுகொள்வதற்கே அது கூடுதலாக உதவியிருக்கலாம் என்ற கருத்தும் வலுத்திருக்கிறது. சிவந்த துளிரெல்லாம் தின்னத் தக்கது என்று அர்த்தமில்லை. ஆனால் எந்த மலைச்சரிவில் எந்த மரம் துளிர்த்திருக்கிறது என்பது தொலைவிலிருந்தே தெரிந்துவிடும்.

இதே கருமந்தி, நன்றாகப் பழுத்த இனிப்புப் பழம் நிறைந்த மரத்தைச் சில சமயம் கண்டும் காணாமல் போகும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். சர்க்கரை அந்த வயிற்றுக்குள் போனால் சட்டென்று நொதித்து அமிலமாகிவிடும். விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றை அளவில்லாமல் தின்ற மாடு வயிறு உப்பிப் படுத்துவிடுவதைக் கிராமத்தில் பார்த்திருந்தால் உடனே புரியும், அதே கதைதான். அதனால் அது பழத்தைவிடக் காயையும் விதையையும் விரும்பும். பழுக்கும்வரை காத்திருக்கிற குரங்குக்கு ஒரு மாதம், காயிலேயே கை வைக்கிற குரங்குக்கு அதற்கு முந்தைய மாதம் என்று ஒரே மரம் இரண்டு பந்தி போடும்.

சரி, உங்கள் சிங்கவால் குரங்குக்கு வருவோம். அதன் வயிறு ஒற்றை அறை, ஏறக்குறைய நம்முடையது மாதிரி. இலையை நம்பிப் பிழைக்க முடியாது. பழம், விதை, பூந்தேன், பூச்சி, கிடைத்தால் பல்லி, தவளை, பறவை முட்டை. இப்படிப்பட்ட குரங்குக்கு மழைக்காட்டில் முதல் மரியாதைக்குரிய மரம் எது என்று என்னைக் கேட்டால், வெடிபலா என்பேன்.

பெயரில்தான் பலா. உறவு துரியனோடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சுமார் 700 முதல் 1400 மீட்டர் உயரத்தில் இருக்கும் பசுமைமாறாக் காட்டைத் தாவரவியல்காரர்கள் வெடிபலா–நாங்கு–பாலி வகைக் காடு என்றே அழைக்கிறார்கள். அந்த அளவுக்கு அங்கே அது நிறைந்த மரம். ஆண்டின் முதல் சில மாதங்களில், காட்டில் மற்ற பழங்கள் குறைந்திருக்கும் காலத்தில், இது பூக்கும். பூ கிளையின் பட்டையிலிருந்து நேரடியாகக் கொத்துக் கொத்தாக வெடித்து வரும். இதழ் கிடையாது. பழுப்பு நிறத்தில் சின்னக் குழல் மாதிரி, சதைப்பற்றான புல்லிவட்டம்தான் பூவாகத் தெரியும். உள்ளே தேன். தடித்த கிளையிலேயே பூப்பதால், பூவைப் பறிக்க நுனிக்கொம்பில் தொங்கவேண்டிய அவசியமில்லை. திண்ணையில் உட்காருவது போலக் கிளையில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பக்கமும் கைக்கெட்டியதைப் பிய்த்துத் தின்னலாம். பகலில் சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலையணில். இரவில் வௌவால், மரநாய், பறக்கும் அணில் என்று அந்த மரத்துக்கு இருபத்துநாலு மணி நேரமும் கூட்டம். கக்காச்சியில் டி. கணேஷும் சௌபத்ரா தேவியும் இந்த மரத்தை வைத்துச் செய்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. பாலூட்டிகள் பூவைத் தின்று தீர்க்கின்றனவா, அல்லது மகரந்தத்தைச் சுமந்து மரத்துக்கும் கொஞ்சம் உதவுகின்றனவா என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. பூக்காலத்தில் இந்த மரத்தடிக்குப் போனால், கடித்துப் போட்ட பழுப்புக் குழல்கள் மெத்தை மாதிரி விழுந்து கிடக்கும்.

அப்புறம் மழைக்காலத்தில் இதே மரம் முள்ளுமுள்ளாகக் காய்க்கும். உள்ளே பருத்த விதைகள். அந்த முள்ளோட்டைப் பிளக்க வலுவான பல்லும் கையும் பழக்கமும் வேண்டும். சிங்கவால் குரங்குக்கு மூன்றும் உண்டு. குட்டிகள் தாய் உடைத்துப்போட்ட மிச்சத்தில் கைவைத்துப் பழகும். ஆக வெடிபலா ஆண்டில் இரண்டு முறை சோறு போடுகிறது. மிச்ச மாதங்களில் அதே மரத்தைக் கூட்டம் நடைபாதையாக மட்டும் பயன்படுத்திக்கொண்டு தாண்டிப் போகும். இதைத்தான் உங்கள் கேள்வியில் வரும் "அதே மாதிரி மரங்கள்" என்ற சொல்லுக்குப் பதிலாகச் சொல்லவேண்டும். நமக்கு ஒரே மாதிரி தெரிகிற பத்து மரங்களில், ஒன்று இந்த வாரம் தேன் நிறைந்து இருக்கும், இன்னொன்று அடுத்த மாதம்தான் பூக்கும், மூன்றாவது இந்த ஆண்டு பூக்காமலே விட்டுவிடும்.

வெடிபலா கைவிடுகிற மாதங்களில் அத்தி, இச்சி வகை மரங்கள். இவற்றின் பெருமையைப் புரிந்துகொள்ள ஒரு குளவியைத் தெரிந்துகொள்ளவேண்டும். அத்திக்குள்ளே பூ இருக்கிறது. அதற்குள் நுழைந்து மகரந்தம் சேர்க்க எறும்பைவிடச் சிறிய ஒரு குளவி வேண்டும். பெரும்பாலும் ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் தனிக் குளவி. வெளியே வந்த குளவி ஓரிரு நாள்தான் வாழும். அதற்குள் வேறொரு மரத்தில் இளங்காய் தயாராக இருக்கவேண்டும். காட்டிலுள்ள எல்லா இச்சியும் ஒரே மாதத்தில் காய்த்து ஓய்ந்துவிட்டால் குளவி அற்றுப்போகும், அப்புறம் மரமும் அற்றுப்போகும். ஆகவே ஒரு மரம் இப்போது, இன்னொன்று இரண்டு மாதம் கழித்து என்று முறை வைத்துக் காய்க்கிறது. மா, நாவல் எல்லாம் ஓய்ந்த பிறகும் காட்டில் எங்கேயாவது ஓர் இச்சி பழுத்திருக்கும் என்ற நிலை இதனால்தான். குளவிக்காக வந்த ஏற்பாட்டில் குரங்கும் இருவாச்சியும் மலையணிலும் பசியாறுகின்றன. ஆனால் எந்த இச்சி என்பதுதான் கேள்வி. ஒரு மரத்தில் பழுத்தால் மொத்தமாகப் பழுக்கும், சில நாளில் தீர்ந்துவிடும்.

இதை எப்படித் தெரிந்துகொள்கின்றன? மோப்பம் பிடித்துப் போகின்றன என்று சிலர் சொல்வார்கள். பழத்தைக் கையில் எடுத்த பிறகு முகர்ந்து, அமுக்கி, ஒரு கடி கடித்துப் பார்ப்பது உண்மை. பழுக்காததைத் தூக்கிப் போட்டுவிடும். ஆனால் மரத்தைத் தேடிப் போவதில் பெரும்பங்கு நினைவுக்குத்தான். 1991-இல் வெளியான சார்லஸ் மென்ஸலின் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பான் குரங்குகள் நடமாடுகிற இடத்தில், அக்கெபியா என்ற கொடியின் பழத்தைப் பருவமில்லாத காலத்தில் கொண்டுபோய் வைத்தார். அதைக் கண்டெடுத்த குரங்குகள் அந்த இடத்தைக் கிளறிக்கொண்டு நிற்கவில்லை. அக்கெபியாக் கொடி எங்கெங்கே படர்ந்திருக்கிறதோ அங்கெல்லாம் போய் மேலே பார்த்தன. ஒரு பழம் பழுத்திருக்கிறது என்றால் அந்த இனமே பழுத்திருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கின்றன. உகாண்டாவில் மங்கபே குரங்குகளைத் தொடர்ந்து கவனித்த கார்லைன் யான்மாட் குழுவினர் 2006-இல் சொன்னது இன்னும் ஒரு படி மேலே. முன்பு காய் பார்த்துவிட்டு வந்த அத்தி மரத்துக்கு, வெயிலடித்த சில நாளுக்குப் பிறகு அவை திரும்பிப் போவது கூடுதல். மேகமூட்டமும் குளிருமாக இருந்தால் குறைவு. வெயிலில் காய் சீக்கிரம் பழுக்கும் அல்லவா. மாம்பழத்தை வைக்கோலில் போட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து எட்டிப் பார்க்கும் பாட்டியின் கணக்கு இது.

கூட்டத்தின் அளவும் மரத்தின் தலை அளவும் பொருந்தவேண்டும். இருபது குரங்கு இருக்கிற கூட்டத்துக்குச் சின்ன மரத்தில் என்ன நல்ல பழம் இருந்தாலும் சண்டைதான் மிஞ்சும். மூத்த குடும்பத்துப் பெண்கள் நடுக்கொம்பைப் பிடித்துக்கொள்வார்கள். சிங்கவால் குரங்கு போன்ற மக்காக்குகளில் பெண்ணின் அந்தஸ்து தாய்வழியாக வருவது. அந்தஸ்தில் கீழே இருப்பவை கிடைத்தவரை இரண்டு கன்னப்பைகளிலும் திணித்துக்கொண்டு அடுத்த மரத்துக்குத் தாவிவிடும். அங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே தள்ளி மெல்லும். இதைப் பார்த்துவிட்டு, குரங்கு அந்த இரண்டாவது மரத்தைத்தான் தின்கிறது என்று குறித்துக்கொண்டு வந்து நான் ஏமாந்திருக்கிறேன். கருமந்திக்குக் கன்னப்பை கிடையாது. தின்றால் தின்ற இடத்திலேயேதான்.

பழமில்லாத மரத்தில் ஒரு மணி நேரம் என்ன செய்தன என்று கேட்டிருந்தீர்கள். பூச்சி வேட்டையாக இருக்கலாம். சிங்கவால் குரங்கு தன் பகலில் கணிசமான நேரத்தை இதற்குச் செலவிடுகிறது. பட்டுப்போன கிளையின் பட்டையை உரிக்கும், சுருண்ட காய்ந்த இலையைப் பிரித்துப் பார்க்கும், பாசிக்குள்ளும் ஒட்டுச்செடிகளின் வேருக்குள்ளும் விரலை விட்டுத் துழாவும். சுணை நிறைந்த கம்பளிப்பூச்சி கிடைத்தால் ஓர் இலையில் வைத்துத் தேய்த்துச் சுணையைப் போக்கிவிட்டுத் தின்பதைக்கூட ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த வேலைக்கு நல்ல மரம் வேறு இலக்கணம் கொண்டது. வயதானதாக, பாசி படிந்ததாக, பாதி பட்டுப்போனதாக இருக்கவேண்டும். தோட்டத்தில் "செத்த மரம்" என்று வெட்டித் தள்ளுகிற மரம் இதற்கு இறைச்சிக்கடை.

அடுத்தது ஓய்வு. இதில் இரண்டு விதம் இருக்கிறது, பகல் ஓய்வும் இரவுத் தூக்கமும். இரண்டுக்கும் மரம் வேறு.

பகல் ஓய்வு கருமந்திக்குத்தான் பெரிய விஷயம். இலையை நொதிக்க வைக்க நேரம் வேண்டும், தின்றுவிட்டு நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருக்கும். சோம்பேறித்தனமாகத் தெரியும், உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. குளிரும் ஈரமுமான காலையில் உச்சிக்கிளையில் வந்து மார்பில் வெயில் படும்படி கைகளைக் கட்டி உட்காரும். உச்சி வெயிலில் அடர்ந்த இலைக்குள் போய்விடும். நிழல் ஒரு காரணம், இன்னொன்று கழுகு. மலைக்காட்டில் குட்டிக் குரங்குக்கு வானத்திலிருந்தும் ஆபத்து உண்டு. அதனால் பகலில் ஓய்வெடுக்கும் மரம் மேலே கூரை மாதிரி மூடியிருக்கவேண்டும், பக்கத்து மரங்களோடு கிளை கோத்திருக்கவேண்டும், எந்தப் பக்கமும் தாவி ஓடலாம். பெரும்பாலும் தின்ற மரத்திலோ அதற்கு அடுத்ததிலோ இது நடந்துவிடும். இதற்கென்று தூரம் போகாது.

இரவுக்கு இலக்கணம் கிட்டத்தட்ட தலைகீழ். இருட்டில் கழுகு வராது, சிறுத்தை வரும். சிறுத்தை மரமேறும். ஆகவே நல்ல தூக்க மரம் என்பது காட்டின் கூரையைத் தாண்டி எழுந்து நிற்பது. அடிமரம் நெடுநெடுவென்று கிளையில்லாமல் உயர்ந்து, முதல் கிளையே மிக உயரத்தில் இருக்கவேண்டும். தடித்த கொடி சுற்றிய மரம் ஆகாது, அது சிறுத்தைக்கு ஏணி. அக்கம்பக்கத்துக் கிளைகளோடு அதிகம் ஒட்டாமல் இருப்பது நல்லது. வந்தால் ஒரே வழியாகத்தான் வரமுடியும், வரும்போதே மரம் அதிரும். குரங்குகள் அடிமரத்தை விட்டு விலகி, தம் எடையைத் தாங்கி சிறுத்தையின் எடையைத் தாங்காத வெளிக்கொம்புகளுக்குப் போய், இரண்டு மூன்றாக ஒண்டிக்கொள்ளும். நம் ஊர் நாட்டுக்குரங்குகளின் தூங்குமிடங்களை ஆராய்ந்த உமா ராமகிருஷ்ணனும் ரிச்சர்ட் காஸும் இதே விஷயங்களைத்தான் எடுத்துக்காட்டினார்கள். உயரமாகத் தனித்து எழுந்த மரங்கள். அதிலும் மனிதர் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருப்பவை. ஊர்ப் பக்கம் சிறுத்தை தயங்கும் என்பது குரங்கின் கணக்கு. வால்பாறைச் சிறுத்தைகள் அப்படியெல்லாம் தயங்குவதில்லை, அது வேறு விஷயம்.

எப்படிப் படுக்கும் என்று குழந்தைகள் கேட்பார்கள். படுக்காது. மனிதக் குரங்குகள் இரவுக்கு இலைகளை மடித்துக் கூடு கட்டும். நம் குரங்குகள் உட்கார்ந்தே தூங்கும். பின்புறத்தில் காய்த்துப்போன தடித்த தோல் இருப்பது அதற்காகத்தான், இரவெல்லாம் கொம்பில் உட்கார்ந்தால் வலிக்காது. ஆகவே கிளை கிடைமட்டமாக, கவட்டையோடு, குட்டியை மடியில் வைத்து முதுகு சாய வசதியாக இருக்கவேண்டும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் பாதி வந்துவிட்டது. தின்னும் மரம் பெரும்பாலும் இந்த இலக்கணத்துக்குப் பொருந்தாது. வேறு காரணங்களும் உண்டு. பழமரம் இரவில் அமைதியாக இருக்காது, வௌவாலும் மரநாயும் வந்துகொண்டே இருக்கும். பகல் முழுக்கக் கத்திச் சண்டை போட்டு, கீழே தோலும் எச்சமும் கொட்டிய மரம், இங்கே குரங்கு இருக்கிறது என்று போஸ்டர் ஒட்டியது போல. தூங்கப்போகும்போது கூட்டம் எவ்வளவு ஓசைப்படாமல் போகும் என்பதைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பின்னால் நடந்துபோகிற எங்களுக்கே பல நாள் மாலை ஐந்தரைக்கு மேல் கூட்டம் கைநழுவிப் போயிருக்கிறது. ஒரே மரத்தில் தொடர்ந்து தூங்கினால் கிளையெல்லாம் எச்சமாகும், குடற்புழுத் தொற்று கூடும். சிறுத்தைக்கும் இடம் பழகிவிடும். அதனால் அடிக்கடி மாற்றும், ஆனால் தெரிந்த சில மரங்களுக்குள்ளேயே சுற்றிவரும்.

மறுநாள் காலைச் சாப்பாடும் இதில் உண்டு. கோஸ்டாரிகாவில் சிலந்திக் குரங்குகளை ஆராய்ந்த காலின் சாப்மன் குழுவினர் 1989-இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரே வீட்டுக்குத் தினமும் திரும்புவதைவிட, பல தூக்க மரங்களை வைத்துக்கொண்டு, அன்றைக்குத் தின்கிற இடத்துக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் தங்குவது நடையை மிச்சமாக்குகிறது. உங்கள் குரங்குகள் இரண்டாம் நாளும் அதே மரத்துக்கு வந்தன என்றால், முதல் நாள் இரவு அவை ரொம்பத் தூரம் போயிருக்காது.

மூன்றாவதாக ஒரு வகை மரம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். விடிகிற நேரத்தில் ஆண் கருமந்தி ஓர் உயர்ந்த மரத்திலிருந்து ஹூ, ஹூ என்று பள்ளத்தாக்கு எதிரொலிக்க முழங்கும், கிளைகளில் தடதடவென்று பாயும். அடுத்த கூட்டத்து ஆண் பதிலுக்கு முழங்கும். இங்கே பாயும்போது கிளை முறிகிற ஓசையும் கேட்கவேண்டும், உருவமும் தெரியவேண்டும். மேடைக்கு உகந்த மரம் பல நாள் தூக்க மரமாகவே அமைந்துவிடுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம், தேர்ந்தெடுக்க மரங்கள் இருக்கிற காட்டின் கதை. வால்பாறை அப்படியில்லை. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, மழைக்காட்டைத் திருத்தித் தேயிலையும் காபியும் வைத்தார்கள். மிச்சமிருப்பவை தேயிலைக் கடலில் தீவுகள் மாதிரித் துண்டுத் துண்டான சோலைகள். அதில் ஒன்றான புதுத்தோட்டத்தில்தான் சிங்கவால் குரங்குகள் எளிதாகக் கண்ணில் படும். வழக்கமாகப் பத்திருபது பேர் கொண்ட கூட்டமாக வாழும் குரங்கு, அங்கே மொத்தமாக நூறைத் தாண்டிவிட்டது. அவ்வளவு பேருக்கு வெடிபலா எங்கே போவது? காபிக்கு நிழலுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்ட குடைமரத்தின் பழத்தைத் தின்கின்றன. பலா, கொய்யா, காபிப்பழம், அப்புறம் சமையலறை. மரத்தை விட்டு இறங்காது என்று பெயர் வாங்கிய குரங்கு அங்கே சாலையில் நடக்கிறது. தேயிலைக்கு நடுவில் நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் நமக்குக் காடு மாதிரித் தெரியலாம். குரங்குக்கு அவற்றில் பழமும் இல்லை, சாய்ந்து உட்கார வசதியான கிளையும் இல்லை. வாகனத்தில் அடிபட்டுச் செத்தவை பல. அதனால்தான் வனத்துறையும் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனமும் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். அறுந்துபோன கிளைக்குப் பதில் அது. அதைக் கண்டுகொண்ட குரங்குகள் நிதானமாகப் பயன்படுத்துகின்றன. தயவுசெய்து பாலத்துக்குக் கீழே வண்டியை நிறுத்திப் பிஸ்கட் மட்டும் போடாதீர்கள். பிஸ்கட் கிடைக்கிற இடம் என்று தார்ச்சாலையை நினைவில் வைத்துக்கொள்ள, அந்த அத்தி மரத்து நினைவாற்றலே போதும்.

கடைசியாக உங்கள் மரம். பழம் தெரியவில்லை என்கிறீர்கள். எந்த மாதம் என்று சொல்லவில்லை. வீட்டுப் பக்கம் என்பதால் குடைமரமாக இருக்க வாய்ப்பு அதிகம், அதன் பழம் சின்னது, உயரத்தில் இருக்கும், கீழிருந்து தெரியாது. இலைக்குள் மறைந்த இச்சிப் பழமாகவும் இருக்கலாம். வயதான, பாசி படிந்த மரமென்றால் பூச்சி. அடுத்த முறை போனால் மேலே பார்ப்பதை நிறுத்திவிட்டு மரத்தடியைப் பாருங்கள். கடித்த சின்னப் பழங்களும் பொடிப்பொடி விதைகள் கலந்த எச்சமும் கிடந்தால் இச்சி. உரித்த பட்டையும் பிரித்த காய்ந்த இலைகளும் மட்டும் கிடந்தால் பூச்சி வேட்டை. பழுப்புக் குழல்களோ முள்ளோடுகளோ கிடந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், வீட்டுக்குப் பின்னால் ஒரு வெடிபலா மிஞ்சியிருக்கிறது. காம்பை மட்டும் விட்டுவிட்டுத் தின்ற இளந்துளிர்கள் என்றால் அங்கே கருமந்தியும் வந்து போயிருக்கிறது. தோலோ கொட்டையோ எதுவும் இல்லாமல், வெளிக்கொம்புகளுக்கு நேர்கீழே வட்டமாக எச்சம் மட்டும் விழுந்திருக்கும் ஒரு நெட்டை மரத்தை அக்கம்பக்கத்தில் கண்டால், மாலை ஐந்து மணிக்கு வாயைத் திறக்காமல் அதற்கெதிரே போய் உட்காருங்கள்.